தங்கராசாவின் மூன்று புள்ளடிகள்

1

இந்த மே மாதத்துக் கவுன்சில் தேர்தலில் நான் இரண்டு தடவை வாக்களித்தேன். ஒன்று ஸ்ட்ரெதமில், என் பெயரில். மற்றது டூட்டிங்கில், இன்னொருவர் பெயரில். இரண்டும் சட்டப்படிதான்.

யாழ்ப்பாணத்தில் இருந்து இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஒருவர் பெயரில் இன்னொருவர் வாக்களிப்பதற்கு அங்கே வேறொரு பெயர் உண்டு, அதற்குப் படிவம் எதுவும் கிடையாது. இந்த நாட்டில் அதற்கும் படிவம் வைத்திருக்கிறார்கள். கடைசி நாள் உண்டு. பதிலாள் என்று ஒரு பதவியும் உண்டு. வாக்காளர் வெளியூரிலோ ஆஸ்பத்திரியிலோ இருந்தால் தனக்குப் பதிலாக இன்னொருவரை நியமிக்கலாம். அந்தப் பதிலாள் வாக்காளருடைய வாக்குச்சாவடிக்குப் போய், தன்னுடைய சொந்த அடையாள அட்டையைக் காட்டி, வாக்காளர் சொன்னவர்களின் பெயருக்கு எதிரே பெருக்கல் குறிபோலப் புள்ளடி போடவேண்டும். சொன்னபடி போட்டாரா என்று பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. அதைத் தெரிந்துகொள்வதற்கு எந்தப் படிவமும் இல்லை. இவ்வளவு படிவங்களைக் கண்டுபிடித்தவர்கள் இந்த இடத்தில் மட்டும் மனிதனை நம்பிவிட்டார்கள்.

நான் பதிலாளாகப் போனது என் நண்பர் தங்கராசாவுக்காக. அவர் சொன்ன கட்சி, எங்களைப் போன்றவர்கள் இனிமேல் இந்த நாட்டுக்குள் வரக்கூடாது என்பதற்காகவே நடத்தப்படும் கட்சி.

2

நான் யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்க எழுதுவினைஞனாக இருந்தவன். இங்கே வந்து ஒரு கவுன்சிலின் வீட்டுவசதிப் பகுதியில் வேலை பார்த்து இளைப்பாறினேன். இரண்டு அரசாங்கங்களின் கடதாசிகளையும் உள்ளிருந்து பார்த்தவன் என்பதால் டூட்டிங் தமிழர்கள் என்னைக் 'கந்தோர் அண்ணை' என்பார்கள். முகத்துக்கு நேரே அண்ணை. முதுகுக்குப் பின்னால் வெறும் கந்தோர், வெறும் அலுவலகம்.

அகதி மனு, நிரந்தர வதிவிடம், குடியுரிமை, பெனிபிட், பஸ் பாஸ், தவறான இடத்தில் கார் நிறுத்திய தண்டம் எல்லாம் என் மேசையில் எழுதப்பட்டவை. என் வீட்டு மணி அடித்தால் வந்தவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். முதலில் சுகம் விசாரிப்பார்கள். மனைவி இல்லாமல் தனியாகச் சமைக்கிறீர்களா என்று கேட்பார்கள். அது முகவுரை. பிறகு உறை திறக்கும். வேலை முடிந்ததும் தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழும்பிவிடுவார்கள். குறை சொல்லவில்லை. பல் வைத்தியரிடம் போகிறவர்கள் பல் பிடுங்கிய பிறகு அங்கே இருந்து கதைப்பதில்லை.

உறை இல்லாமல் என் வீட்டுக்கு வந்த ஒரே மனிதர் தங்கராசா. செவ்வாய்க்கிழமைகளில் வருவார். நாற்காலியில் இருந்துகொண்டு, என் தேநீரில் பால் கூடிப்போச்சு என்று தொடங்கி, கவுன்சில், கோயில் நிர்வாகம், மருமகள், லண்டன் மழை எல்லாவற்றையும் திட்டிவிட்டுப் போவார். அவருடைய குடியுரிமை விண்ணப்பத்தையும் நான்தான் எழுதினேன். ஆனால் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தார்.

எண்பதுகளில் கிழக்கு பெர்லினில் இறங்கி, வேறொருவருடைய பாஸ்போர்ட்டைக் காட்டி மேற்குப் பக்கம் கடந்தவர். ஸ்டுட்கார்ட்டில் கோப்பை கழுவி, ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்து, பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று லண்டனுக்கு வந்து டூட்டிங்கில் பலசரக்குக் கடை போட்டார். இப்போது கடை கைமாறிவிட்டது. முழங்காலும் போய்விட்டது. கோபம் மட்டும் வேலையில் இருக்கிறது.

3

வியாழக்கிழமைகளில் எங்கள் முதியோர் சங்கம் டூட்டிங்கில் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து மத்தியானச் சாப்பாடு போடுகிறது. சமையல் புஸ்பராணி அக்கா. இளைப்பாறிய தாதி. எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், ஆகவே எல்லோருக்கும் அக்கா. நான் சங்கத்தின் செயலாளர். வேறு யார் இருப்பார்கள்?

மார்ச் மாதத்தில் ஒருநாள் மேசையில் யாரோ தேர்தல் துண்டுப்பிரசுரங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு நடுவில் பகிடியாக ஒருவர் கேட்டார், தங்கராசாவின் வோட்டு ஆருக்கு என்று. தங்கராசா அந்தக் கட்சியின் பிரசுரத்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை என்பதைக் கண்டபிறகு மண்டபத்தில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். புஸ்பராணி அக்காவின் தங்கை மகன் ஒருவன் இங்கே அகதி மனுப் போட்டுவிட்டு, நகரத்துக்கு வெளியே ஒரு ஹோட்டலில் முடிவுக்காகக் காத்திருக்கிறான். போன கோடையில் அந்த ஹோட்டல் வாசலில் கொடிகளோடு ஆட்கள் கூடி நின்று, வெளியே வா, திரும்பிப் போ என்று கத்தினார்கள். அவன் புஸ்பராணி அக்காவுக்குப் போன் எடுத்தான். ஒன்றும் பேசவில்லையாம். வெளியே கேட்கும் சத்தத்தை அக்காவும் கேட்கட்டும் என்பதுபோலப் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தானாம். இது மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். தங்கராசாவுக்கும் தெரியும்.

அக்கா அகப்பையை வைத்துவிட்டு வந்தார்.

"அந்த வாசல்லை நிண்டு கத்தினவையின்ரை கட்சிக்கோ போடப்போறாய்?"

"உங்கடை பெடியனை நான் ஒண்டும் சொல்லேல்லை அக்கா."

"பிறகு ஆரைச் சொல்லுறாய்?"

தங்கராசா தன்னுடைய அக்காவைப்பற்றிச் சொல்லத் தொடங்கினார். கொக்குவிலில் இருந்த அக்கா. சில வாரங்கள் வந்து நின்று தம்பியின் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போக ஆசைப்பட்டவர். அந்த விசா விண்ணப்பம் நான் எழுதியது. என் வாழ்க்கையில் எழுதிய விண்ணப்பங்களில் அதைப்போல ஒன்றைக் காட்டமுடியாது. வீட்டு உறுதிப்பத்திரம், வங்கிக் கணக்கு, வைத்தியரின் கடிதம், திரும்பிப் போவதற்கான காரணங்கள் என்று ஒரு ஓட்டை இல்லை. மறுத்துவிட்டார்கள். திரும்பிப் போவார் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்படவில்லையாம். மீண்டும் எழுதினேன். மீண்டும் திருப்தி ஏற்படவில்லை. மூன்றாவது எழுதுவதற்கு முன் அந்த அம்மா காலமாகிவிட்டார்.

"இவர்தான் எழுதினவர், கேட்டுப் பாருங்கோ," என்று என் பக்கம் கை காட்டினார். "ஒரு கடதாசி குறையேல்லை. வரிசையிலை நிண்டவளுக்குக் கதவு பூட்டு. வேலி பாஞ்சு வந்தவனுக்கு ஹோட்டல். எனக்கு எரியாதோ?"

"அவங்கள் ஆட்சியிலை இருந்திருந்தால் உன்ரை அக்காவுக்கு விசா குடுத்திருப்பாங்களோ?"

"குடுக்க மாட்டாங்கள். ஒருத்தருக்கும் குடுக்க மாட்டாங்கள். அதிலை ஒரு நியாயம் இருக்கு."

புஸ்பராணி அக்கா அவருடைய மேசைக்கு இன்னும் கிட்ட வந்தார். பிறகு மெல்லத்தான் கேட்டார். "தம்பி, நீ எந்த வரிசையிலை வந்தனி? கிழக்கு பெர்லினிலை வரிசை இருந்ததோ?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் தங்கராசா ஏதாவது திருப்பிச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டிருப்பார். எழும்பினார். கணவாய்க் கறி போட்ட சோறு அப்படியே கிடந்தது. போடத்தான் போகிறேன், பாருங்கள் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். செயலாளர் செய்யவேண்டியதைச் செய்தேன். சங்க யாப்பு விதிப்படி மண்டபத்தில் கட்சி அரசியல் பேசக்கூடாது, ஆகவே இந்த உரையாடல் நடவடிக்கைக் குறிப்பில் சேராது என்று அறிவித்தேன். இரு பக்கமும் என்னை ஒரே மாதிரிப் பார்த்தார்கள். அவர்கள் ஒன்றுபட்ட ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

மன்னிப்புக் கேட்காமல் அந்த மனிதனுக்கு இங்கே இலை இல்லை என்றார் அக்கா. தங்கராசா கேட்கிற ஆள் இல்லை. அடுத்த வியாழன் அவர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அவருடைய மனைவி மலர் மட்டும் மண்டபத்துக்கு வந்து, ஒரு மூலையில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். வர முடியாதவர்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது அக்காவின் வழக்கம். மலரிடம் கட்டிக் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் நான் தேநீருக்குத் தண்ணீர் வைப்பதை விட்டுவிட்டேன். வைத்தால் இரண்டு பேருக்கு வைத்துவிடுகிறேன்.

4

ஏப்ரலில் தங்கராசா போன் எடுத்தார்.

"அண்ணை, முழங்கால் ஒப்பரேஷனுக்குத் திகதி தந்திட்டாங்கள்."

எவ்வளவு காலம் காத்திருந்த திகதி. சந்தோஷம் என்றேன். தேர்தலுக்கு முதல்நாள் அறுக்கிறார்கள் என்றார். வாக்குக்கு என்ன செய்வது என்று கேட்டார். தபால் வாக்குக்கு விண்ணப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது, பதிலாளுக்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன என்று சொன்னேன். இப்படிப்பட்ட கேள்விகளுக்கு என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொல்லும்.

"மனுசி மாட்டன் எண்டிட்டா," என்றார். "மோனிட்டைக் கேக்க ஏலாது, போனை வச்சிடுவான். நீங்கள் போடுவியளோ?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஆருக்கெண்டு தெரியுந்தானே?"

"தெரியும்."

"அப்ப?"

உண்மையைச் சொன்னால், அந்தக் குரலைத் திரும்பக் கேட்டதே எனக்குப் போதுமாக இருந்தது. ஏதாவது சொல்லி அதைத் திரும்ப இழக்க நான் தயாராக இல்லை. கட்சி, ஹோட்டல், புஸ்பராணி அக்கா என்று தொடங்கினால் இன்னும் பல செவ்வாய்க்கிழமைகள் போய்விடும். படிவம் என்று தொடங்கினால் சண்டை வராது. ஐம்பது வருட அனுபவத்தில் தெரிந்துகொண்டது இது.

"படிவத்துக்குத் தேசிய காப்புறுதி இலக்கம் வேணும், எடுத்து வையும். பின்னேரம் வாறன்," என்றேன்.

மறுமுனையில் நீண்ட நேரம் சத்தம் இல்லை. இலக்கத்தைத் தேடப் போய்விட்டார் என்று நினைத்தேன்.

5

என் மகள் அபிராமி லீட்ஸில் இருக்கிறாள். மருந்தாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். ஆங்கிலத்தில்தான் பேசுவாள். அதற்குள் 'அப்பா' என்ற சொல் மட்டும் தமிழில் வரும், பழைய வீட்டில் கழற்றாமல் விட்ட ஒரு ஆணிபோல. அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்காதது யார் குற்றம் என்று நானும் மனைவியும் முன்பு வாதாடுவோம். இப்போது வாதாட ஆள் இல்லாததால் குற்றம் முழுவதும் என்னிடம் வந்துவிட்டது.

வாய் சும்மா இருக்காமல் இந்தப் பதிலாள் கதையை அவளிடம் சொன்னேன். நல்லதொரு நடைமுறைப் புதிர் என்று நினைத்துச் சொன்னேன்.

 அவள் போன குளிர்காலத்தில் தன் மருந்துக்கடையில் நடந்ததைச் சொன்னாள். ஒரு முதிய பெண், வழக்கமாக வருபவர், மருந்தை அவள் கையால் வாங்கமாட்டேன், இந்த நாட்டு ஆள் யாரையாவது கூப்பிடு என்றாராம். அபி பிறந்தது டூட்டிங்கில். வேறொரு ஊழியரை அழைத்துவிட்டு, உள்ளே போய் மருந்துப் பெட்டிகளை அடுக்கினாளாம். இதை அவள் எனக்கு அதுவரை சொல்லவில்லை.

அங்கே போகலாம், சீட்டை வாங்கலாம், ஒன்றும் போடாமல் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வரலாம், ஒருவருக்கும் தெரியாது என்றாள். வாக்கு வாக்காளருக்குச் சொந்தம், பதிலாளுக்கு அல்ல என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தமிழில்: "அப்பா, நீங்கள் அந்தப் புள்ளடியைப் போட்டால், உங்கள் வீட்டு மேசையில் எப்படி வந்து சாப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை." கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். பாடசாலை விடுமுறைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தவள், அதைப்பற்றி ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தாள்.

6

தேர்தல் நாள் காலை ஸ்ட்ரெதமில் என்னுடைய வாக்கைப் போட்டேன். நான் யாருக்குப் போட்டேன் என்பது உங்களுக்கு வேண்டாத விஷயம். தங்கராசாவின் வாக்கை வெட்டுவதற்காவது உதவுமா என்றால் அதுவும் இல்லை. ஸ்ட்ரெதமும் டூட்டிங்கும் வேறு வேறு கவுன்சில்கள்.

பிறகு பஸ் எடுத்து டூட்டிங் போனேன். மேல்மாடியில் முன் இருக்கை கிடைத்தது. கச்சேரியில் இருந்த காலத்தில் தேர்தல் வந்தால் எங்களைத்தான் வாக்குச்சாவடிகளுக்கு அனுப்புவார்கள். ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தலைமை அலுவலர். கண் தெரியாத ஒரு மனிதர் வந்தார். அப்படி வருபவர்களுக்காகத் தலைமை அலுவலரே புள்ளடி போடவேண்டும் என்பது விதி. அவர் என் காதுக்குள் ஒரு சின்னத்தைச் சொன்னார். அந்தச் சின்னத்துக்காரரை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. பொதுப் பணத்தைத் தன் வீட்டுக் கிணற்றுக்குள் கொட்டியவர் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் அவர் சொன்னதற்கே போட்டேன். கண் தெரியாத மனிதர் பெட்டியில் சீட்டு விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, நல்லது ஐயா என்று சொல்லிப் போனார். அன்று இரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. முன்பின் அறியாதவருக்கு நேர்மையாக இருப்பதில் ஒரு சிரமமும் இல்லை.

டூட்டிங் சாவடி ஒரு ஆரம்பப் பள்ளியில் இருந்தது. பிள்ளைகள் வரைந்த மீன்கள் சுவரில் ஒட்டியிருந்தன. மேசையில் முக்காடு போட்ட ஒரு இளம்பெண் அடையாளத்துக்கு என் முதியோர் பஸ் பாஸை வாங்கிப் பார்த்தாள். தங்கராசாவின் பெயரைத் தேடி, ரயில்போல நீண்டிருந்த அந்தப் பெயரைக் கவனமாக, பிழையில்லாமல் வாசித்தாள். பதிலாளாகப் போடுபவரை முதல்தடவையாகப் பார்க்கிறேன் என்று சிரித்தாள். சீட்டைத் தந்தாள். அவளைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

அந்த வார்டில் மூன்று உறுப்பினர்கள், ஆகவே மூன்று புள்ளடிகள். பெயர்கள் கட்சிவாரியாக அல்ல, அகரவரிசையில் இருக்கும். அந்தக் கட்சிக்காரர் மூவரும் சீட்டின் மேலே ஒருவர், நடுவில் ஒருவர், அடியில் ஒருவர் என்று சிதறிக் கிடந்தார்கள். ஒவ்வொருவராகத் தேடிப் பிடிக்கவேண்டும். ஒரே அடியாகக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற வசதி இல்லை.

அபி சொன்னபடி மடித்துவிடலாம். பென்சில் நூலில் கட்டிக் கிடந்தது. ஹோட்டலில் இருக்கும் அந்தப் பெடியனை நினைத்தேன். அவனுடைய மனுவை எழுதியதும் நான்தான். பிறகு தங்கராசாவை நினைத்தேன். முழங்காலில் ஒப்பரேஷன் முடிந்து படுத்திருக்கிறார். தன்னுடைய ஒரு உரிமையை எடுத்து, அதை விற்கமாட்டான் என்று நம்பி, உலகத்தில் ஒருவன் கையில் கொடுத்திருக்கிறார். மனைவி மறுத்து, மகனைக் கேட்கவும் முடியாத இடத்தில் நான் மட்டும் இருக்கிறேன். இதில் நான் ஏமாற்றினால், எங்கள் இருவருக்கும் நடுவில் இனி என்ன இருக்கும்?

மேலே ஒன்று. நடுவில் ஒன்று. அடியில் ஒன்று. கட்டத்துக்கு வெளியே கோடு போகாமல், எண்ணுபவர்களுக்குச் சந்தேகம் வராத மாதிரி, சுத்தமாகப் போட்டேன்.

7

ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். வார்டு வாசலில் தாதி நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார். நான் யோசிக்காமல் பதிலாள் என்று சொன்னேன், ஆங்கிலத்தில். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்படியென்றால் சத்திரசிகிச்சையையும் நீங்களே செய்துகொண்டிருக்கலாமே என்றார். நைஜீரியப் பெண். நல்ல பகிடி. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தங்கராசா தலையணைகளில் சாய்ந்து இருந்தார். கால் பெரிதாகச் சுற்றிக் கிடந்தது. வழக்கம்போல முதலில் ஆஸ்பத்திரித் தேநீரைத் திட்டினார். பிறகு பக்கத்துக் கட்டில்காரர் காதில் ஏதோ செருகிக்கொண்டு படுத்திருக்கிறாரா என்று பார்த்தார். தமிழில் பேசுவதற்கு அந்தக் கவனம் தேவையில்லை. ஆனாலும் பார்த்தார்.

"போனனீங்களோ?"

"போனனான்."

"போட்டியளோ?"

"போட்டன்."

"ஆருக்கு?"

"நீர் சொன்னவைக்குத்தான். மூண்டும்."

அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு நன்றி, அல்லது ஒரு வெற்றிச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். இரண்டும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். முழங்கால் வலிக்கிறதா, தாதியைக் கூப்பிடவா என்று கேட்டேன்.

"உண்மையாப் போட்டனீங்களோ அண்ணை?"

"உண்மையாத்தான்."

"நான் நினைச்சன், நீங்கள் போட மாட்டியள் எண்டு."

எனக்கு விளங்கவில்லை. என்னை நம்பாமலா கேட்டீர் என்றேன்.

"வேறை ஆரையும் கேட்டிருந்தால் போட்டிருப்பாங்கள். அதுக்குத்தான் உங்களைக் கேட்டனான்." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "வாசல்லை நிண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டன். சொன்ன சொல்லை விழுங்க ஏலாது. நான் போட்டதாவும் இருக்கவேணும், அது விழாததாவும் இருக்கவேணும். புஸ்பராணி அக்கான்ரை பெடியனை நினைச்சால் எனக்கு நித்திரை வருதோ எண்டு மலரைக் கேளுங்கோ. கந்தோர் அண்ணை என்னோடை சண்டை பிடிப்பார், ஏலாது எண்டுவார், இல்லாட்டி ஓம் எண்டிட்டு வெறும் சீட்டை மடிப்பார், அதோடை எல்லாம் முடிஞ்சிது எண்டு நினைச்சன். நீங்கள் என்னெண்டால் நம்பரைத் தா எண்டு கேக்கிறியள்."

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் பிறகென்ன? அப்ப நான் விழுங்கினதுதானே."

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் படுத்தார். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம் தெரிந்தது.  என்னிடம் இருந்த ஒரே பொருள் நேர்மை. அதை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கேட்டது வேறு. கேட்கவும் இல்லை.

பிறகு அவர் என் கையைத் தட்டினார். "வியாழக்கிழமை அவை உங்களைக் கேப்பினம். நீங்கள் போடேல்லை எண்டு சொல்லுங்கோ."

"பொய்யோ?"

"உங்களுக்கென்ன நட்டம்? மாலை போடுவினம்."

8

கேட்டார்கள். அடுத்த வியாழன் மண்டபத்தில் கோட்டைக் கழற்ற முன்னமே அக்கா கேட்டார். மலர் மூலம் செய்தி அவர் காதுக்குப் போயிருந்தது, நான்தான் பதிலாள் என்று. எல்லோரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

நான் போடேல்லை என்றேன். சீட்டை வெறுமையாக மடித்துப் போட்டேன் என்றேன்.

வாழ்க்கையில் என் பேச்சுக்கு இப்படி ஒரு வரவேற்பு இருந்ததில்லை. ஒருவர் மேசையில் தட்டினார். இன்னொருவர் என் முதுகில் தட்டினார். கந்தோருக்குள்ளும் ஒரு மனுசன் இருக்கிறான் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.  அக்கா சமையலறைக்குள் போய் ஒரு பெரிய பாத்திரத்தில் சோறும் கறியும் கட்டி எடுத்துவந்து மலர் கையில் கொடுத்தார். முழங்கால்காரருக்கு என்று மட்டும் சொன்னார். மலர் அதை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பாடு முடியும்வரை என் பக்கம் பார்க்கவே இல்லை. அவருக்கு உண்மை தெரியும்.

ஜூன் மாதத்தில் தங்கராசா ஊன்றுகோலோடு மண்டபத்துக்கு வந்தார். கதவைத் திறந்ததுமே என்னைத் திட்டத் தொடங்கினார். நம்பிக் கொடுத்த வோட்டைத் தின்றவன், படித்தவன் செய்யிற வேலையோ, இனி இவரிடம் ஒரு பஸ் பாஸ் எழுதவும் போகாதேங்கோ என்று. நல்ல நடிப்பு. மண்டபம் வயிறு குலுங்கச் சிரித்தது. அக்கா தன் கையாலேயே அவருக்குப் பரிமாறி, வாயை மூடிச் சாப்பிடு தம்பி என்றார். மன்னிப்பு என்ற சொல்லை இரு பக்கமும் உச்சரிக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. அந்த விலையை நான் கட்டிவிட்டேன்.

அந்தக் கட்சிக்காரர் மூவரும் அந்த வார்டில் வெல்லவில்லை. வென்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. தோற்றதாலும் பெரிய ஆறுதல் இல்லை. நான் போட்டவை எண்ணிக்கையில் சேர்ந்தவைதான்.

செவ்வாய்க்கிழமைகளில் தங்கராசா மறுபடி வருகிறார். மலர் காரில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார். தேநீரைத் திட்டுகிறார், கோயிலைத் திட்டுகிறார். தேர்தலைப்பற்றி இருவரும் பேசுவதில்லை. முன்பெல்லாம் அவர் பேசாமல் இருந்தால் பேச ஒன்றுமில்லை என்று அர்த்தம். இப்போது பேசாமல் இருக்கும்போது எதைப் பேசாமல் இருக்கிறோம் என்று இருவருக்கும் தெரிகிறது.

இதை உங்களுக்கு எழுதலாம். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அதோடு, வியாழக்கிழமைக்காரர் யாரும் அச்சடித்த தமிழ் சஞ்சிகை வாசிப்பதில்லை. தங்கராசா வாசிப்பார், ஆனால் என்னிடம் இரவல் வாங்கித்தான்.

அபிக்கு இதை வாசிக்கத் தெரியாது. புஸ்பராணி அக்காவின் மகளும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மண்டபத்தில் நான் சொன்னது அன்று பின்னேரமே லீட்ஸுக்குப் போய்விட்டது. ஞாயிறு வரை காத்திருக்காமல் போன் எடுத்தாள். அவள் குரல் சின்ன வயதில் இருந்ததுபோல இருந்தது. என்னைப்பற்றி அப்படி நினைத்ததற்கு வருந்துகிறாளாம். என்னைத் தனக்குச் சரியாகத் தெரியாது என்று இப்போது விளங்குகிறதாம்.

அபி, ஒன்று சொல்லவேண்டும் என்று தொடங்கினேன்.

அதற்குள் அவள், பள்ளி விடுமுறை தொடங்கியதும் பிள்ளையோடு வருகிறேன், ஒரு கிழமை நிற்பேன் என்றாள். என்ன சமைக்கட்டும் என்று கேட்டேன்.